வலப்பக்க ஜன்னல்

மஞ்சக்குப்பம் மைதானம், ராத்திரி ஒரு மணி.
பதினோரு பேர், பத்துப் பெட்டி.
ஜைனுலாபுதீனுக்குக் கட்டைப்பை போதுமாம்,
மூணு நாள்தானே.

கொழும்பில் இறகுப்பந்துப் போட்டி,
ஐம்பதைத் தாண்டியவர்கள் பிரிவு.
தோற்கத்தான் போகிறோம்.
ஆனாலும் சட்டை முதுகில் ஊர்ப்பேர் அச்சடித்தாயிற்று,
'கடளூர்' என்று.

மரக்காணத்தில் டீ.
டிரைவர் மட்டும் தூங்கவில்லை என்று
எல்லோரும் நம்பித் தூங்கினோம்.

மீனம்பாக்கத்தில்
வேதவல்லி டீச்சரின் கைப்பையிலிருந்து
நார்த்தங்காய் ஊறுகாயை எடுத்துப் போட்டார்கள்.
அந்தக் குப்பைத்தொட்டியை விட்டு நகர
அவருக்கு நேரம் பிடித்தது.

அப்புறம் அந்த ஓட்டம்,
காது அடைக்க ஒரு எழும்பல்.
அருள்சாமி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.
ஸ்மாஷ் அடிக்கிற அதே கை,
ஈரமாக.

இருபது நிமிஷம் இருக்கும்.
வலப்பக்கம் யாரோ கத்தினார்கள்:
"கெடிலம்டா!"

ராத்திரி முழுக்கக் குலுங்கிக் குலுங்கி
விட்டுவந்த ஊர்
காலை வெயிலில் சும்மா கிடந்தது கீழே.
பெண்ணையாறு ஒரு கீறல்,
சிப்காட் புகை ஒரு நூல்,
தேவனாம்பட்டினத்து அலைக்கு
அசைவே இல்லை.
பதினோரு பேரும் ஒரே பக்கம் சாய,
"உட்காருங்கள், ப்ளீஸ்" என்றாள் பணிப்பெண்.
யார் கேட்டார்கள்.

அவரவர் தெருவைத் தேடினார்கள்.
நான் தேடியது
மொட்டைமாடிக் கொடியில் எடுக்க மறந்த
பச்சைச் சேலையை.
நேற்றுத் துவைத்தது. இப்போதுதான் ஞாபகம்.

சேலை தெரியவில்லை.
ஒரு மேகம் வந்து ஊரை மூடியது,
மழை மேகம் மாதிரிதான் இருந்தது.