வடக்குச் சுவர்

கடிதம் இன்னும் இரண்டு பேருக்கும்தான் வருகிறது.
திரு நம்பிராஜன், திருமதி சுகிர்தா,
உங்கள் வீட்டின் வடக்குச் சுவரில்
பச்சைப் படிவு காணப்படுகிறது.
பதினான்கு நாட்களுக்குள் அகற்றவும்.
கூடவே ஒரு புகைப்படம்.
என் குப்பைத்தொட்டியும் அதில் விழுந்திருந்தது,
வாயைத் திறந்தபடி.

நம்பிராஜன் டாலஸ் போய் மூன்று வருடம்.
சுவர் இங்கேயே இருக்கிறது, கேரி நகரில்,
வெயில் எட்டிப் பார்க்காத பக்கமாய்,
ஏசி எந்திரம் முனகும் பக்கமாய்.

கர்ட்டிஸ் வந்தார்.
வேனிலிருந்து இறங்காமலே சுவரை அளந்தார்.
மருந்து தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு,
தோட்டக்குழாய் வேகத்தில் அலசல்:
முந்நூற்றைம்பது டாலர்.
"பைன் மகரந்தம் கொட்டி முடியட்டுமே,
ஏப்ரல் கடைசியில் வருகிறேன்."
கடிதத்தைக் காட்டினேன்.
தேதியைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றித்
தலையைச் சொறிந்தார்.

எதிர்வீட்டு வெங்கோபராவ்
தன் எந்திரத்தையே தருகிறேன் என்றார்.
மூவாயிரம் பி.எஸ்.ஐ. அரை மணி வேலை.
போன கோடையில் அந்தத் துப்பாக்கி
அவர் மரத்தளத்தின் மேல் இழுத்த கோடுகள்
இன்னும் இருக்கின்றன,
எண்ணெய் வைக்காத தலையில் சீப்பு போனதுபோல.
வினைல் பலகைக்குக் கீழிருந்து அடித்தால்
தண்ணீர் உள்ளே ஏறிவிடுமாம்.
உள்ளே ஏறியது எப்போது காயும் என்று
யாரும் சொல்லவில்லை.

டாலஸுக்குக் கடிதத்தின் படம் அனுப்பினேன்.
'பிரஷர் வாஷ் பண்ணிடு. சட்டுனு போயிடும்'
என்று பதில் வந்தது.
பின்னாலேயே ஒரு மஞ்சள் கட்டைவிரல்.

எந்தக் கலவையானாலும்
கண்ணில் படாத இடத்தில் முதலில் சோதிக்கவும்
என்றது புட்டி.
ஏழு பங்கு தண்ணீர், மூன்று பங்கு வினிகர்,
பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஒரு சொட்டு.
ஏசிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து
ஒரு சாண் சதுரம் துடைத்தேன்.
அடியிலிருந்து வந்தது
நாங்கள் கடையில் நின்று சண்டை போட்டு வாங்கிய
மோர் நிறம்.
மறந்தே போயிருந்தது.
அந்த ஒரு சாண் சும்மா இருக்கவில்லை,
மிச்சச் சுவர் முழுவதையும்
அழுக்கு என்று காட்டிக்கொடுத்துவிட்டது.
இனி நிறுத்த முடியாது.

பக்கத்திலேயே அது இருந்தது.
தமிழ்ச் சானல் வேண்டுமென்று
அவன் கேபிளுக்குத் துளை போட்டு
மாவு போன்ற ஏதோ பசையால் அடைத்த இடம்.
ஈரத்தில் அழுத்திய கட்டைவிரல்
அப்படியே காய்ந்திருக்கிறது.
வரிகளுக்குள் மட்டும் பாசி:
கெசட்டட் அதிகாரி மாதிரி
பச்சை மையில் ஒரு கைநாட்டு.

கர்ட்டிஸுக்கு வேண்டாம் என்று சொன்னேன்.
எந்திரமும் வேண்டாம்.
கார் கழுவும் பிரஷ், நீளக் கழி, இரண்டு வாளி.
கமீலியாச் செடிக்குப் பழைய படுக்கைவிரிப்பு.
தேய்ப்பது கீழிருந்து மேலே,
அலசுவது மேலிருந்து கீழே;
மாற்றிச் செய்தால் வழிந்த தடம் நிற்கும்.
மாற்றிச் செய்த ஒரு பலகையில் நிற்கிறது.
இரண்டு சனிக்கிழமை.
தெரு முழுக்க ஊறுகாய்க்கடை வாசம்.
இரவில் தோளுக்கு அமிர்தாஞ்சன்,
நானே எட்டுகிற வரைக்கும்.

கடைசியாகப் பழைய டூத்பிரஷ்ஷோடு
ஏசிக்குப் பின்னால் போனேன்.
எந்திரம் திடீரென்று ஓடத் தொடங்கி
முகத்தில் சூடாக ஊதியது.
கமிட்டியின் கேமரா இந்த மூலைக்கு வராது.
கால் மரத்துப் போகும்வரை உட்கார்ந்திருந்து
எழுந்து வந்தேன்,
பிரஷ் நனையவில்லை.

வியாழக்கிழமை கடிதம்.
திரு நம்பிராஜன், திருமதி சுகிர்தா,
குறை நிவர்த்தி செய்யப்பட்டது. நன்றி.

வெள்ளிக்கிழமை காலை
பைன் மரங்கள் மொத்தமாய் அவிழ்த்துவிட்டன.
சுவர், கார், தபால்பெட்டி,
வெங்கோபராவின் வழுக்கை,
கமிட்டித் தலைவியின் வெள்ளைத் தூண்கள்,
எல்லாம் மஞ்சள்.
தோட்டக்குழாயைச் சுருட்டி மாட்டினேன்.
இதற்குக் கடிதம் வராது.