பச்சைப் பேனா

நாற்பது நிமிடம் முடிந்தது.
துர்க்கு நகரத்து ஜன்னலில்
மூன்றரைக்கே இருட்டு.

ஹப்தோம் இன்னும் நான்காம் கேள்வியில்.
ஒரு சொல்லுக்குப் பதினைந்து வேற்றுமை என் மொழியில்;
மடக்கி மடக்கி எண்ணுகிறார்,
இரவெல்லாம் மாவு பிசைந்த விரல்களை.

பச்சைப் பேனாக்களைக் கொடுத்தேன்.
"இனி எழுதுவதை இதில் எழுதுங்கள்,
இரண்டையும் திருத்துவேன்."

முதலில் முடித்த ஸோரியானா முறைத்தாள்:
"அரக்கப் பரக்க எழுதினேனே, அது?"
பதிலில்லை என்னிடம்.
அவளுக்கும் ஒன்று நீட்டினேன்.
தாளைத் திருப்பி,
அடித்துவிட்டிருந்த ஒரு வரியை
மறுபடி எழுதினாள்.

வீட்டில் திருத்துகிறேன்.
ஹப்தோம், நீலத்தில்: நான் ரொட்டி வேலை.
பச்சையில்: நீங்கள் எழும் முன்பே
உங்கள் தெருவுக்கு நான்
ரொட்டி சுட்டுவிடுகிறேன்.

ஒரு வேற்றுமை தப்பு.
அரை மதிப்பெண் குறைத்தேன்.