திங்கட்கிழமை மனு

மதுரை கலெக்டர் ஆபீஸ் வாசலில்
பாட்டிலை முகர்ந்து பார்த்தது போலீஸ்.
மண்ணெண்ணெய் இல்லை. தேன்.
திருப்பித் தந்தார்கள், மூடியைத் தரவில்லை.

பாட்டில் வாயை விரலால் பொத்தியபடி
என் ஸ்டூலுக்கு எதிரே குந்தினாள் சடைச்சி,
சாப்டூர் மலைப் பளிச்சி.
மனு ஒன்றுக்கு முப்பது ரூபாய்.

நிலத்துக்கு நான்கெல்லை சொல்லும்மா.

"வடக்கே ஈப்பாறை.
கிழக்கே, பேர் வைக்குமுன்னே போன
பிள்ளைக ரெண்டு.
தெற்கே சித்திரையில வத்துற ஓடை.
மேற்கே சாமி நடமாட்டம்,
நாங்களே போறதில்ல."

சர்வே எண்?

"ரேஞ்சர் நட்ட கல்லுல என்னமோ இருக்கு.
அந்தக் கல்லுக்கு
என் ஆட்டைவிட வயசு கம்மி."

பழக்கத்தில் எழுதிவிட்டேன்:
பட்டா வழங்கி உதவுமாறு
தங்கள் பாதம் பணிந்து.
வாசித்துக் காட்டினேன்.

"அதை அடிச்சிரு.
எங்க காட்டுல நாங்க இருக்கோம்னு எழுது.
இருப்போம்னும் எழுது."

பதினெட்டு வருஷத்தில்
எதையும் கேட்காத மனுவை
அன்றுதான் எழுதினேன்.

ரேகைக்கு மை நீட்டினேன்.
பொத்தியிருந்த விரலையே எடுத்து வைத்தாள்.

டோக்கன் எண் இருநூற்றுப் பன்னிரண்டு.
கூப்பிடுமுன்பே
தாளின் மேல்
எறும்பு வந்துவிட்டது.