பன்னிரண்டாம் பாத்தி

மராடிக்கு வடக்கே, மணல்.
மூன்று முறை விதைத்தோம்;
இரண்டைக் காற்று மூடிவிட்டது.
குழிக்கு ஒரு சோடா மூடி உரம்,
அவ்வளவுதான் எங்கள் ஆராய்ச்சி.
பன்னிரண்டாம் பாத்திக்கு மட்டும் அதுவும் கிடையாது.
ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வெறுமையாய் இருக்கவேண்டுமே.

மழை இருபத்தாறு நாள் முகம் காட்டவில்லை.
மற்ற பாத்திகள் சுருண்டன.
பன்னிரண்டில்தான்
கம்புக் கதிர் முழங்கை நீளம்.
தராசை இருமுறை தட்டிப் பார்த்தேன்.

தாபாவா சிரிக்கவில்லை.
"பதினோரு பிள்ளைக்குப் படியளந்து
பன்னிரண்டாவதைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வாயா?
விதைப்புக்கு முந்தி
ஏழு ராத்திரி அங்கே கிடை போட்டேன்."

படிவத்தில் 'செல்லாது' என்று எழுதினேன்.
கையெழுத்தும் போட்டாயிற்று.

அப்புறம் ஓரத்தில், பென்சிலால்:
எத்தனை ஆடு?