இருபத்திமூன்றாம் சிலைட்

நாளை மாலை ஏழரைக்கு ஊர்க்கூட்டம்.
போன கூட்டத்தில், வரவுசெலவின் நடுவில்,
படம் அணைந்தது, வந்தது, அணைந்தது.
தீயணைப்பு வண்டி வாங்கும் பிரேரணை
இருட்டில் நிறைவேறியது.
"புரொஜெக்டரில் பிழையில்லை, குகதாசன்,
உள்ளே இருக்கிற ஃபேர்ம்வேர் பழசு"
என்று ஊர்ச் செயலாளர் ஹுன்சிக்கர்
ஒரு தாளைத் தந்தார்.
ஆர்கவ் மாநிலத்தில் எதற்கும் ஒரு தாள் உண்டு.

ஏணி வைத்து ஏறினேன்.
அதன் வயிற்றில் ஒட்டியிருந்த
மாதிரி எண்ணை வாசித்தேன். இறங்கினேன்.
சந்தேகம் வந்து திரும்ப ஏறினேன்.
கடைசியில் ஒரு டபிள்யூ.
அந்த ஓரெழுத்து மாறினால் அது வேறு பிறவி.
வேறு பிறவியின் உயிரை இதற்குள் ஊற்றினால்
கூரையில் ஒரு கல் தொங்கும்.
கடவுச்சீட்டில் ஓரெழுத்துப் பிழைத்து
பதினாறு மாதம் என் கோப்பும் கல்லாய்க் கிடந்ததுண்டு.

பென் டிரைவை வெறுமையாக்கினேன்.
ஒரே ஒரு கோப்பு,
அறைக்குள் வைக்காமல் வாசலிலேயே.
பெயரை மாற்றாதே என்கிறது தாள்.
மாற்றவில்லை.
பழைய பதிப்பெண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

தொடங்கவா? ஆம்.
நிச்சயமாகவா?
இந்த நாட்டில் எல்லாம் இரண்டு தரம் கேட்பார்கள்.
ஆம்.
மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டாம்.

சுவரில் நீலமாய் நாலு வீதம் தெரிந்தபோது
கதவு திறந்தது.
லீஸ்பெத் பாவுமான்.
கைவண்டியில் பெரிய கோப்பி இயந்திரம்,
கூட்டம் முடிய எல்லோருக்கும் ஊற்ற.
வேலைசெய்கிறதா என்று இப்பவே பார்க்கவேணுமாம்.
மேடைச் சுவரின் பிளக்கும் கூரையில் தொங்குவதும்
ஒரே பியூஸ்.

பிளக்கின் முன்னால் போய் நின்றேன்.
பதினொரு நிமிசம், பிராவ் பாவுமான்.
"தண்ணி கொதிக்குதா எண்டு பாக்கிறது
அவ்வளவு பெரிய விசயமா?"
வயர் அவர் கையில்.
நாளைக்கு இதே மண்டபத்தில்
உயரவோ மடியிலேயே கிடக்கவோ போகிற கை.
ஏழாவது விடயம்: குடியுரிமை, விண்ணப்பம் ஒன்று.
அவருக்குத் தெரியும்.
அவருக்குத் தெரியுமென்று எனக்கும் தெரியும்.
சிரித்தபடி நகர்ந்து கொடுத்திருக்கலாம்.
சிரித்தபடி நகர்வதில் எனக்குப் பதினாலு வருடப் பயிற்சி.
நகரவில்லை.

அவர் ஒரு கதிரையை விரித்து உட்கார்ந்தார்.
இருபத்தெட்டு. முப்பத்தொன்று.
அறுபத்திமூன்றில் நின்றது.
நின்றேவிட்டது.
"செத்துப்போச்சா?"
தெரியாது. தொடக்கூடாது.
பொத்தானைத் தேடிய இரண்டு கைகளையும்
காற்சட்டைப் பைகளுக்குள் பூட்டினேன்.
வெளியே கடைசிக்கு முந்தின ரயில் போனது.
அவர் ஒரு மண்டரின் உரித்தார்,
பாதியை நீட்டினார்.
ஒரு கையை மட்டும் விடுதலை செய்தேன்.
அறுபத்தெட்டு.

நூறுக்குப் பிறகு இருட்டு.
பிறகு தானே எழுந்தது, எல்லாம் மறந்து.
எந்த மொழி என்று கேட்டது.
முப்பத்தொரு மொழிகள். நான் தமிழைத் தேடவில்லை.
டொய்ச் என்று அழுத்தினேன்.
நான் விலக, அவர் வயரைச் செருகினார்.
பியூஸ் விழவில்லை.

படம்தான் சரிந்து கிடந்தது,
மேலே அகன்று, கீழே ஒடுங்கி.
நேராக்குவதற்கென்றே கட்டம்போட்ட படம் ஒன்று
இயந்திரத்துக்குள் உண்டு.
நான் ஹுன்சிக்கரின் கோப்பைத் திறந்து
இருபத்திமூன்றில் நிறுத்தினேன்.
வரிக்குள் அடங்காத என் பெயர்
இரண்டாக முறிந்து கோணலாய்த் தொங்கியது.
பிறந்த திகதி. தொழில்: மண்டபப் பராமரிப்பு.
அம்புக்குறியை அழுத்தி அழுத்தி
மூலைகளை ஒவ்வொன்றாய் இழுத்து வந்தேன்.
"இடப்பக்கம் இன்னும் கொஞ்சம்"
என்றார் பின்னாலிருந்து, கோப்பி மணக்க.
கொஞ்சம்.
"ம். இப்ப நேர்."
வேறொன்றும் சொல்லவில்லை.

கதிரைகள் இருநூற்றிப்பத்து, இனித்தான் அடுக்கவேண்டும்.
வாக்கெடுக்கும்போது விண்ணப்பதாரர்
வெளியே நிற்கவேண்டும் என்பது விதி.
அந்நேரம் படம் அணைந்தால்
யார் ஏணி வைப்பது?
தாளை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டேன்.
அது அதில் இல்லை.