இருபத்து நான்கு டிகிரி

ஆடிக் காற்றில் அம்மியே பறக்குமாம்.
இங்கே, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில், ஆடி வந்தால்
எண்ணெய்கூட இருந்த இடத்தைவிட்டு அசைவதில்லை.
புல்லின்மேல் உறைபனி, குழாயின் மூக்கில் உறைபனி,
சன்னலோரப் பாட்டிலுக்குள்
கழுத்துவரை வெள்ளை.

பூபாலனிடம் வாங்கியது.
ரெய்ஸ்தார்ப்பில், டயர்க் கடைக்குப் பின்னால்,
மோட்டார் பூட்டிய மரச்செக்கு.
தேங்காய் மொசாம்பிக்கிலிருந்து லாரியில் வரும்.
சூடு காட்டாமல், அவசரப்படுத்தாமல் ஆட்டியது அக்கா, என்பான்.
வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு
என்று லேபிளில் அச்சடித்திருக்கிறான்.
பல்வலி வந்தால் அவன் ஓடுவது டாக்டரிடம்.

அவன் சொன்ன எல்லாவற்றையும் நான் நம்பவில்லை.
ஞாபகசக்தி பெருகும் என்றான்;
எண்ணெய் வாங்கப் போன இடத்திலேயே
குடையை மறந்துவிட்டு வந்தேன்.
ஆனால் தெஷ்னியின் கூந்தலில் ஒட்டிய சூயிங்கத்தை
ஒரு மயிர் வெட்டாமல் எடுத்தது இதுதான்.
ஷூ தொழிற்சாலையில்
பசையும் தோலும் தின்ற என் விரல்நுனிகளை
ராத்திரி ராத்திரி ஒட்டவைப்பது இதுதான்.
பலாக்காய் நறுக்கும் கத்திக்கு,
சிக்கிய ஜிப்புக்கு,
கதிரேசன் முழங்காலுக்கு,
சாமி விளக்குக்கு,
மிளகாய் கிள்ளித் தாளித்த பரங்கிக்காய்க்கு
ஒரே பாட்டில், ஒரே மூடி.
மூடியில் எப்போதும் யாரோ ஒருவரின் கைரேகை.

இன்றைக்கு வேலை வேறு.
மோதிரம் கழற்ற வேண்டும்.

இருபத்திரண்டு வருஷத்தில்
விரல் தடித்தது; மோதிரம் தடிக்கவில்லை.
சோப்பு போட்டேன். நூல் சுற்றினேன்.
கணு விடவில்லை.
வெட்டிக் கொண்டுவந்தால் உடைசல் விலைதான்
என்று அடகுக் கடைக்காரன் போனில் சொல்லிவிட்டான்.
தெஷ்னியின் பல்கலைக்கழகப் பாக்கி
நாளை நான்கு மணிக்குள்.
மோதிரம் என்று முதலில் சொன்னவன் கதிரேசன்தான்.
சொல்லிவிட்டு அடுப்பைத் துடைக்கப் போனான்,
ஏற்கெனவே துடைத்திருந்த அடுப்பை.

மின்வெட்டு வேறு. கெட்டில் சும்மா உட்கார்ந்திருந்தது.
பாட்டிலை அக்குளில் இடுக்கிக்கொண்டு
டாக்ஸியில் ஏறினேன்.
பதினைந்து பேர், பதினைந்து கோட்டு,
மூடிய சன்னல்களில் எல்லாருடைய மூச்சு.
அக்குளில் என்ன, காய்ச்சல் பார்க்கிறாயா
என்றாள் சந்தையில் கீரை விற்கும் மாஸோண்டி.
சொன்னேன்.
கொண்டா என்று பிடுங்கி
போர்வைக்குள், தன் வயிற்றோடு
வைத்துக்கொண்டாள்.

எண்ணெய்க்கு வேண்டியது இருபத்து நான்கு டிகிரி.
ஆளுக்கு முப்பத்தேழு வைத்திருக்கிறோம்.

முதலில் கண்ணாடியோரம் ஒரு ஈரக்கோடு.
நகர மண்டபம் தாண்டும்போது
நடுவில் ஒரு வெள்ளைத் தீவு மிதந்தது.
இறங்குமுன் மாஸோண்டி மூடியைத் திறந்து
வெடித்த முட்டிகளில் கொஞ்சம் தேய்த்துக்கொண்டாள்,
வாடகை என்று.

கடையின் கண்ணாடித் தடுப்புக்கு முன் நின்று
மூன்று சொட்டு விட்டேன்.
கணுவில் ஒரு கணம் நின்றது.
பிறகு வந்துவிட்டது.
இத்தனை சுலபமா என்று எனக்குக் கோபம் வந்தது,
யார்மேல் என்று தெரியவில்லை.

அவன் மோதிரத்தைத் துணியால் மும்முறை துடைத்தான்.
எண்ணெய் எடையில் சேர்ந்துவிடக் கூடாதாம்.
மூன்று கிராம் நாற்பது.
துணியை மோந்து பார்த்து, என்ன வாசனை என்றான்.
தேங்காய்.
ரசீதில் அதை எழுத இடமில்லை.

இரவு மின்சாரம் வந்தது.
அதே எண்ணெயில் கடுகு வெடித்தது.
கதிரேசன் என் இடது கையைப் பார்க்காமல்
இரண்டாம் முறை சோறு கேட்டான்.

காலையில் பாட்டில் மறுபடி வெள்ளை.
உறையும்போது எண்ணெய் நடுவில்
கொஞ்சம் உள்வாங்கும்.
பார்த்தேன்:
வழவழப்பான ஒரு குழி,
விரல் நுழையும் அளவு.