இரண்டு யூனிட்

காலை ஆறு மணிக்கு நான்.
மாலை ஆறு மணிக்கு அவன்.
நடுவில் ஒரு பூனை.

ஆஸ்பத்திரிக் கோப்பில் அதன் பெயர்
அச்சார் கோவெண்டர்.
நீதிமன்றத்தில் நான் கழற்றி வைத்துவிட்டு வந்த வால்
அதற்கு இன்னும் இருக்கிறது.
கவுண்ட்டரில் உரக்கக் கூப்பிடுவார்கள்.
நான்தான் எழுந்து போவேன்.

டாக்டர் ந்லோவு
முதலில் ஒரு பழத்தில் பழக்கினாள்.
நார்ச்சி, என்று கையில் வைத்தாள்.
எங்கள் நாரத்தைதான்,
எந்தக் கடலில் எத்தனை வாயில் தேய்ந்து வந்ததோ.
நான் திருத்தவில்லை. குத்தினேன்.
பழம் சும்மா இருந்தது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில்
பள்ளிக்கூட ஷூ தைக்கிறேன், பத்தொன்பது வருஷமாய்.
மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து வரை
தோலுக்குள் ஊசி இறங்கி ஏறுகிறது;
கை நடுங்கியதில்லை.
இது வேறு தோல்.
இதற்குள் யாரோ இருக்கிறார்கள்.

குப்பியைக் குலுக்கக் கூடாது,
உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்ட வேண்டும்.
பிடரியைக் கிள்ளித் தூக்கினால் சின்னதாய் ஒரு கூடாரம்,
அதன் வாசலில் ஊசி.
முதலில் தட்டு, பிறகுதான் மருந்து.
போச்சா போகலையா என்று சந்தேகம் வந்தால்
இரண்டாவது போடவே கூடாது.
(ஒரு ராத்திரி கால் பின்னி விழுந்தது.
சமையலறைத் தரையில் மண்டியிட்டு
ஈறில் சர்க்கரைப் பாகு தடவினேன்.
என் விரலைக் கடித்தபோதுதான்
எனக்கு மூச்சு வந்தது.)

இதையெல்லாம் குணசீலனுக்கு
கராஜில் நின்று, முகம் பார்க்காமல்,
ஒரே தடவை சொன்னேன்.
அவன் திரும்பக் கேட்கவில்லை.
பதினாறு வருஷத்தில் அப்படி நடந்ததே இல்லை.
பின்கதவுச் சாவியை
வாங்கின மாதிரியே திருப்பிக் கொடுத்தேன்,
மேஜையில் வைத்து, நகர்த்தி.

ஃப்ரிட்ஜ் மேல் ஒரு நோட்டு:

6.05. சாப்பிட்டான். 2.
6.00. பாதிதான் சாப்பிட்டான். டாக்டரிடம் கேட்டு 1.
6.10. சாப்பிட்டான். 2. பாத்ரூம் குழாய் ஒழுகிச்சு, வாஷர் மாத்திட்டேன்.

கீழே நான் எழுதினேன்:
பூனையைப் பற்றி மட்டும்.

மறுநாள்:
6.00. சாப்பிட்டான். 2. ஒழுகாத குழாயையே பார்த்துக்கிட்டிருந்தான்.

நேற்று வேலை விட்டு வந்தபோது
நார்த்டேல் முழுக்க மின்வெட்டு.
மருந்துக் குப்பி துணி சுற்றி
டீ ஃப்ளாஸ்க்கில், ஐஸ் கட்டிகளின் மேல்.
யாரும் சொல்லித்தரவில்லை அவனுக்கு.
ஃபோன் வெளிச்சத்தில் நோட்டைப் பிரித்தேன்.

6.00. சாப்பிட்டான். கரண்ட் இல்லை.
டார்ச்சை வாயில் கவ்விக்கிட்டுப் போட்டேன். அசைஞ்சுட்டான்.
உள்ளே போச்சா, ரோமத்தில் போச்சா தெரியலை.
கழுத்து ஈரமா இருந்தது.
மோந்து பார்த்தேன், மருந்து வாசனை.
இரண்டாவது போடலை.
எட்டரை வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அதற்கும் கீழே ஒரு வரி,
தாள் கிழியும் அளவுக்கு அடிக்கப்பட்டிருந்தது.
வெளிச்சத்தைத் தாளுக்குப் பின்னால் பிடித்தேன்.
திருப்பிப் பார்த்தேன்,
விரலால் தடவியும் பார்த்தேன்.
எழுத்துகள் இருந்தன. சொல் இல்லை.

அச்சார் காலைச் சுற்றியது.
தூக்கிப் பிடரியில் மூக்கை வைத்தேன்.
மருந்து வாசனை போயிருந்தது.
அவன் ரிப்பேர் செய்யும் கீசர்களின் துரு வாசனை,
கொஞ்சம் ஜூலைக் குளிர்.

அவன் உட்கார்ந்திருந்த நாற்காலி
இன்னும் பூனைக்கூடையைப் பார்த்தபடி.
அதைத் திரும்பி மேஜைக்கு இழுக்கப் போனேன்.
இழுக்கவில்லை.

காலை ஆறு மணி. தட்டு வைத்தேன்.
உருட்டினேன், கிள்ளினேன், போட்டேன்.
ரோமம் காய்ந்தே இருந்தது.

6.00. சாப்பிட்டான். 2.

பேனாவை மூடினேன். திறந்தேன்.

கம்பளி அலமாரியில் இருக்கு, இடது பக்கம்.
பூனைக்கு.